புது ஆடுகளும் தனிப்பட்டியும் மயில்துத்த மருந்தும்

இடைசெவலிலும் அதனைச் சுற்றியுள்ள கோவில்பட்டிக் கரிசற்காட்டுக் கிராமங்களிலும் பருத்தி, சோளம், கம்பு, உளுந்து முதலிய பயிர்கள் யாவும் வானத்தை நோக்கி நிற்பவை. ஆண்டு மழையிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றினால் பெய்வது. அம்மழை தவறிய ஆண்டில் குடியானவரின் அடுப்பு அணையாமற் காப்பது பெரும்பாலும் அவரது ஆட்டுப்பட்டியேயாகும். கல்யாணம், வைத்தியம், விதைச் செலவு, கடன் தவணை ஆகிய எதற்கும் கைகொடுக்கும் ரொக்கம் ஆடு. அன்றியும், கோடையில் நிலத்தில் கிடை போடுவதனால் கரிசலுக்குக் கிடைக்கும் உரத்தின் அருமையைக் குடியானவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய செல்வத்தை ஒரே மாரியில் அழித்துவிடக்கூடிய பகை ஒன்று உண்டு. அது ஓநாயைப்போல் இரவில் வருவதன்று. குடியானவர் தாமே சந்தையில் விலைகொடுத்து வாங்கி, தாமே ஓட்டிவந்து, தமது பழைய ஆடுகளோடு சேர்த்துவிடும் புது ஆட்டின் வயிற்றில் அது வருகிறது. அப்பகையாவது இரைப்பைப் புழு. அதனைத் தடுக்கும் முறையையும், அதற்கென ஒரு காலத்தில் உலகெங்கும் வழங்கிய மயில்துத்த மருந்தின் நன்மை தீமைகளையும் இங்கே விளக்குவோம்.

புழுவின் இயல்பு.— சாஸ்திர நூல்களில் ஹீமான்கஸ் எனப்படும் இப்புழு ஆட்டின் நான்காம் இரைப்பையில் தங்கி இரத்தத்தைக் குடிப்பது. பெண்புழு ஓர் அங்குல நீளம் வரை வளரும். இரத்தம் நிறைந்த அதன் சிவந்த குடலைச் சுற்றி வெண்ணிறமான கருப்பை முறுக்கிக்கொண்டிருப்பதால், சிவப்பும் வெள்ளையும் சேர்த்துத் திரித்த நூலைப்போல் தோன்றும். இறந்த ஆட்டின் இரைப்பையை உடனே அறுத்துப் பார்ப்பின் இப்புழுக்களை வெறுங்கண்ணாலேயே காணலாம்.

ஒரு புழு நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தைப் போக்குகிறது. இது ஒரு துளியளவே. ஆயினும் ஓர் ஆட்டில் 1,000 புழுக்கள் இருப்பின் நாளொன்றுக்கு 50 மில்லிலிட்டரும், 30 நாளில் ஒன்றரை லிட்டரும் ஆகும். 25 கிலோ எடையுள்ள ஆட்டின் உடலிலுள்ள இரத்தம் முழுவதுமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆடு தின்னும் தீனியெல்லாம் போன இரத்தத்தை ஈடுசெய்யவே செலவாகும். தீனி குறைந்தபோது ஈடுசெய்ய இயலாமல் ஆடு விழும்.

பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடும். புழுக்கையோடு வெளிவரும் முட்டைகள், ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள காலத்தில், ஒரு வாரத்திற்குள் பொரிந்து, ஆட்டைப் பற்றத்தக்க இளம்புழுக்களாகின்றன. இவை பனியும் மழைநீரும் படிந்த புல்லின் அடிப்பாகத்தில் ஏறி நிற்கும். அப்புல்லை மேயும் ஆட்டின் வயிற்றிற் புகுந்து, ஏறக்குறைய 3 வாரத்தில் முதிர்ந்து, தாமும் முட்டையிடத் தொடங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் வெடித்துக் கிடக்கும் கரிசற்காட்டில் இவ்விளம்புழுக்கள் பிழைப்பது அரிது. மழைக்காலத்தில் ஓடைக்கரையிலும் கண்மாய் உள்வாயிலும் தழைக்கும் குறும்புல்லே அவற்றிற்கு உகந்த இடம்.

சந்தையிலிருந்து வரும் ஆபத்து.— எட்டயபுரம் ஆட்டுச்சந்தை இவ்வட்டாரத்தில் பெயர்பெற்றது. சந்தைக்கு ஆடுகள் பல ஊர்களிலிருந்து வந்து ஒரே இடத்தில் நிற்கும். தீபாவளியை ஒட்டிய நாட்களில் கூட்டம் பெருகும். அதுவே மழை தொடங்கும் காலம். இடைசெவற் குடியானவர் ஒருவர் அங்கே 10 ஆடுகள் வாங்கி வந்தார் எனக் கொள்வோம். ஆடொன்றுக்கு 200 பெண்புழுக்களே இருப்பினும், குறைந்த கணக்கில் ஓர் ஆடு நாளொன்றுக்கு 10 லட்சம் முட்டைகளும், 10 ஆடுகள் 1 கோடி முட்டைகளும் மேய்ச்சல் நிலத்தில் விதைக்கும். அன்று மாலையே அவற்றைப் பழைய பட்டியில் அடைத்து, மறுநாள் ஒன்றாக மேய விட்டால், தை மாதத்திற்குள் பழைய ஆடுகளும் வெளிறி நிற்கும். பட்டிக்குப் பட்டி, ஊருக்கு ஊர் நகரும் கிடை ஆடுகளின் வழியாகவும் இவ்வாறே பரவும்.

நோயின் குறிகள்.— இந்நோயில் சாதாரணமாய்க் கழிச்சல் இராது. ஆதலால் குடியானவர்கள் நெடுநாள் ஏமாந்துவிடுகிறார்கள். புழுக்கை கட்டியாகவே விழும். ஆடு மந்தைக்குப் பின்தங்கும், தலை தாழ்த்தும், மூச்சிரைக்கும். கீழிமையை விரலால் இறக்கிப் பார்ப்பின், நல்ல ஆட்டின் உள்தோல் செந்நிறமாகவும், நோயுற்றதன் உள்தோல் வெளிர்சிவப்பாகவும், முற்றியபோது வெள்ளைத் துணிபோலவும் இருக்கும். கீழ்த்தாடையில் நீர்கோத்து மெத்தென வீங்குவதும் உண்டு. இமை நிறத்தை ஐந்து படியாகப் பிரித்த வண்ண அட்டை ஒன்றைத் தென்னாப்பிரிக்க நாட்டுக் கால்நடை நிபுணர்கள் வகுத்தனர். இன்று பல நாடுகளில் அது வழங்குகிறது. அட்டை கிடைக்காவிடினும், வெயில் வெளிச்சத்தில் ஒவ்வோர் ஆட்டின் இமையையும் பார்க்கும் பழக்கம் செலவில்லாத காவலாகும்.

மயில்துத்தம் மருந்தானது.— மயில்துத்தம் அல்லது துருசு எனப்படும் நீலநிறக் கல் கரிசற்காட்டார்க்குப் புதியதன்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சோளக்கதிரைப் பற்றும் கரிப்பூட்டை நோய்க்கு, விதையை மயில்துத்த நீரில் நனைத்து விதைக்கும்படி சென்னை மாகாண விவசாய இலாகாவினர் ஊர்தோறும் செய்துகாட்டினர். கோவில்பட்டி விவசாய ஆராய்ச்சி நிலையம் 1901ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது ஆகையால், இத்தகைய செய்முறைகள் இப்பகுதிக்கு வேற்றூர்ச் செய்தியாக இருந்ததில்லை.

ஆட்டின் வயிற்றுப்புழுவுக்கும் இக்கல்லே மருந்தாகுமென்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னாப்பிரிக்காவில் பரவியது. அங்கே அரசாங்கக் கால்நடை வைத்தியராயிருந்த ஹட்சியன் என்பவர் இதனைப் பரப்பியவருள் முதன்மையானவர். நூற்றுக்கு ஒரு பங்கு கரைசல், அதாவது 1 லிட்டர் நீருக்கு 10 கிராம், என்பது முறை. வளர்ந்த ஆட்டிற்கு அதில் ஏறக்குறைய 100 மில்லிலிட்டரும், குட்டிகளுக்கு வயதிற்கேற்பக் குறைத்தும் கொடுத்தனர்.

அசைபோடும் பிராணிக்கு வாய்வழி விடும் மருந்து முதலில் பெருவயிற்றில் விழுந்து, தீனியோடு கலந்து நீர்த்துப்போவது இயல்பு. ஆனால் மயில்துத்த நீர் தொண்டைக்குழாயின் அடியிலுள்ள மடிப்பைச் சுருங்கச் செய்து, பெருவயிற்றின் வாயை மூடி, மருந்தை நேரே நான்காம் இரைப்பைக்கு அனுப்பும் தன்மையுடையது. புழு இருப்பதும் அவ்விடமே. இதனை 1930களில் தென்னாப்பிரிக்காவின் ஓண்டர்ஸ்டெபூர்ட் ஆராய்ச்சி நிலையத்தார் சோதனைகளால் தெளிவாக்கினர். வேறு புழுமருந்து அரிதாயிருந்த காலத்தில் இக்கல் பெரும்பயன் தந்ததன் காரணம் இதுவே.

மருந்தின் எல்லை.— தாமிரம் இரைப்பையில் முதிர்ந்துள்ள இப்புழுவையே நன்றாகத் தாக்கும். சிறுகுடல், பெருங்குடற் புழுக்களையும், ஈரல் தட்டைப்புழுவையும் அது ஒழிப்பதில்லை. இரைப்பைச் சுவரினுள் ஒதுங்கிய இளம்புழுக்களும் தப்பலாம். மேய்ச்சல் நிலத்திற் கிடக்கும் முட்டையையும் இளம்புழுவையும் ஆட்டிற்குக் கொடுத்த மருந்து தொடவே தொடாது. ஆகையால் மருந்து கொடுத்த அன்றே ஆட்டை அழுக்குப் புல்லில் விட்டால், மூன்று வாரத்தில் பழைய நிலையே திரும்பும்.

கடல் வண்ணமீன் வளர்ப்போரும் இதே உண்மையைக் கடைப்பிடிக்கிறார்கள். கடல்நீர்த் தொட்டிகளில் வளர்க்கும் மீன்களின் உடலில் உப்புத் தூவினாற்போல வெண்புள்ளிகளை உண்டாக்கும் ஒட்டுண்ணி ஒன்று உண்டு. அதன் பொருட்டுப் புதிதாக வாங்கிய மீனை உடனே பெருந்தொட்டியில் விடாமல், தனித்தொட்டியில் சில வாரம் நிறுத்தி, 1 லிட்டர் நீரில் 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை தாமிரம் இருக்கும்படி காத்து வருவது அவர்களது வழக்கம். மீனின் தோலுக்குள் பதிந்த ஒட்டுண்ணியையும், தொட்டியின் அடியில் கூடு கட்டிக்கொண்டதையும் அம்மருந்து எட்டாது. கூட்டைவிட்டு வெளிவந்து நீந்தும் பருவத்திலேதான் கொல்லும். ஆதலின் ஒருநாள் மருந்து பயன்படாது. எல்லாக் கூடுகளும் திறந்து முடியும்வரை அளவு குன்றாமல் வைத்திருக்க வேண்டும். குன்றினால் ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினால் மீன் சாகும். இதனால் நாள்தோறும் நீரைச் சோதிக்கின்றனர். பவளக்கல்லும் சிப்பிமணலும் தாமிரத்தை நீரிலிருந்து கவர்ந்து அளவைக் கெடுக்குமாதலால், அவற்றைத் தனித்தொட்டியில் இடுவதில்லை. மீனுக்கும் ஆட்டிற்கும் மருந்திடும் வகை வேறாயினும், தனியே நிறுத்துதல், தவறாத அளவு, போதிய காலம் என்னும் மூன்றும் இரண்டிற்கும் பொதுவாம்.

மருந்து நஞ்சாகும் அளவு.— கால்நடைகளுள் தாமிரத்தைத் தாங்கும் சக்தி மிகக் குறைந்தது செம்மறியாடு. மேலே கூறிய 100 மில்லிலிட்டர் கரைசலில் 1 கிராம் மயில்துத்தமும், அதனுள் ஏறக்குறைய கால் கிராம் தாமிரமும் உண்டு. 30 கிலோ ஆட்டிற்கு இது கிலோவுக்கு எட்டரை மில்லிகிராம் ஆகும். கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவிலேயே செம்மறியாட்டிற்கு உயிராபத்து தொடங்கக்கூடும். அதாவது 1 கிராம் மருந்தாயிருக்கும் அக்கல், இரண்டரைக் கிராம் சென்றால் நஞ்சாகிவிடும். ஒரு தேக்கரண்டியில் அள்ளும் கல் 5 கிராமுக்குக் குறையாது. கைப்பிடி, சிட்டிகை, கண்ணளவு என்னும் அளவைகளுக்கு இம்மருந்தில் இடமேயில்லை என்பது இதனாற் புலப்படும்.

அளவு மிகுந்த ஆடு வாயில் நீர்வடித்து, வயிற்றுவலியால் துடித்து, நீலப்பச்சையாய்க் கழிந்து, சோர்ந்து விழும். இதைவிட வஞ்சகமானது மெல்லச் சேரும் நஞ்சு. அடிக்கடி கொடுக்கும் சிற்றளவுத் தாமிரம் ஆட்டின் ஈரலில் பலவாரம், பலமாதம் ஒரு குறியும் காட்டாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். பின்னர் ஒருநாள் ஓட்டத்தினாலோ பட்டினியினாலோ உடல் நலிந்தபோது, முழுவதும் இரத்தத்திற் கலந்து சிவப்பணுக்களை உடைக்கும். கண்ணும் வாயும் மஞ்சளாகி, சிறுநீர் செந்நிறமோ கருஞ்சிவப்போ ஆகி, ஓரிரு நாளில் ஆடு மடியும். மாட்டிற்கும் கோழிக்கும் பன்றிக்கும் விற்கும் தாது உப்புக் கலவைகளில் தாமிரம் மிகுதியாயிருக்கலாம். அவற்றைச் செம்மறியாட்டிற்கு வைப்பதும் இத்தீமைக்கு வழியாகும்.

கரைசல் செய்வதிலும் பிழைகள் நேர்ந்தன. இரும்பு வாளியிலோ தகரப் பாத்திரத்திலோ கரைத்தால் தாமிரம் பாத்திரத்தில் படிந்து மருந்து வலுவிழக்கும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிணற்று நீரிலும் ஒரு பகுதி வண்டலாய் இறங்கிவிடும். வலுவில்லையென்று கருதி அடுத்தமுறை கல்லைக் கூட்டிப் போட்டவர் ஆட்டை இழந்தார்.

இன்றைய நிலை.— 1940ஐ ஒட்டி பீனோதயசின் என்னும் மருந்தும், 1961இல் தயபெண்டசோலும், அதன்பின் அதனினும் சிறந்த பல புழுமருந்துகளும் வந்தபின், வாய்வழி மயில்துத்தம் கொடுக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. பழைய வழக்கத்தை நினைத்து இன்று ஒருவரும் கடையிற் கல் வாங்கிக் கரைத்து ஆட்டிற்குப் புகட்டலாகாது. எனினும் தாமிரத்தின் கதை முடிந்துவிடவில்லை. ஒரே புழுமருந்தைத் திரும்பத் திரும்பக் குறைந்த அளவிற் கொடுத்ததனால், அம்மருந்துக்குச் சாகாத புழுக்கள் பெருகியுள்ளன. தமிழ்நாட்டு ஆடுகளிலும் இது கண்டறியப்பட்டது. ஆகையால் அமெரிக்கா முதலிய நாடுகளில் நுண்ணிய தாமிர ஆக்சைடுக் கம்பித்துகளை உறையிலடைத்து ஆட்டிற்குக் கொடுத்து, இரைப்பைப் புழுவை மட்டும் குறைக்கும் முறை மீண்டும் ஆராயப்பட்டு வழக்கத்திற்கு வந்திருக்கிறது. அதுவும் வைத்தியர் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டியதேயன்றி, வீட்டு மருந்தன்று.

மருந்துக்குச் சாகாத புழுவை மந்தைக்குள் கொண்டுவருவதும் பெரும்பாலும் சந்தை ஆடே. அப்புழு ஒருமுறை மேய்ச்சல் நிலத்தில் இறங்கிவிட்டால், பின்னர் எவ்வளவு செலவிட்டும் அகற்றுதல் அரிது. ஆகவே முன்னாளில் தனிப்பட்டி ஒரு நல்ல வழக்கமாக இருந்தது போக, இந்நாளில் அது இன்றியமையாததாகிவிட்டது.

தனிப்பட்டி முறை.— புது ஆடுகளுக்கு வேண்டிய பட்டியைப் பழைய பட்டிக்குத் தொலைவாகவும், மழைநீர் அங்கிருந்து இங்கே வடியாதபடி தாழ்ந்த பக்கத்திலும், உலர்ந்த மேட்டுத்தரையிலும் அமைக்க வேண்டும். தீனியைத் தரையிற் போடாமல் தொங்கவிட்டோ, கால் நாட்டிய தொட்டியிலோ வைக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் தனியாயிருத்தல் வேண்டும். வேலை செய்பவர் பழைய ஆடுகளை முதலிலும் புது ஆடுகளைப் பின்னும் கவனித்து, கைகால் கழுவிக்கொள்ள வேண்டும்.

வந்த நாளிலேயே ஆடுகளின் இமையையும் தாடையையும் பார்த்து, எடையை நிறுத்து, கால்நடை மருந்தக வைத்தியரைக் கொண்டு புழுமருந்து கொடுக்க வேண்டும். எடையைக் குறைத்து மதிப்பிட்டுக் குறைமருந்து கொடுப்பது, மருந்துக்குச் சாகாத புழுவை வளர்ப்பதாகும். எதிர்ப்புத் தோன்றிய இடங்களில் இருவகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதா என்பதனை வைத்தியர் தீர்மானிப்பார். மருந்து புகட்டும்போது ஆட்டின் தலையை முதுகு மட்டத்திற்கு மேல் தூக்கக்கூடாது. அண்ணாந்த ஆட்டிற்கு மருந்து நுரையீரலிற் புகுந்து கேடு செய்யும். இருமினால் உடனே தலையைத் தாழ்த்தவிட வேண்டும்.

மருந்து கொடுத்தபின் 2 நாள் ஆடுகளை மேய்ச்சலுக்கு விடலாகாது. குடலில் முன்னமே இருந்த முட்டைகள் அந்நாட்களில் வெளியேறும். அப்புழுக்கைகளை வாரி எருக்குழியிலிட்டு மக்கவைத்தால் சூட்டினால் முட்டைகள் அழியும். 14ஆம் நாள் சில ஆடுகளின் புதுப்புழுக்கையைச் சிறு புட்டியில் எடுத்து, அன்றே மருந்தகத்திற் காட்டி, முட்டை உண்டா எனச் சோதிக்கச் செய்ய வேண்டும். முட்டை மிகுதியாயிருப்பின் மருந்து பலிக்கவில்லை என்பது தெளிவு. வேறு மருந்து வேண்டும். வருமுன் விழுங்கிய இளம்புழு தப்பியிருந்தாலும் மூன்று வாரத்தில் முதிர்ந்து முட்டையிடுமாதலால், 21 நாளுக்குக் குறையாமல், இயன்றால் 30 நாள் வரை நிறுத்தி, மறுமுறை சோதித்தபின்னரே மந்தையிற் சேர்க்க வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய், அம்மை முதலிய தொற்றுகள் இருப்பினும் இக்காலத்திற்குள் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

பழைய ஆடுகளுக்கு மாதந்தோறும் கண்மூடித்தனமாக மருந்து புகட்ட வேண்டுவதில்லை. இமை வெளுத்தவற்றிற்கு மட்டும் கொடுத்தல் செலவையும் குறைக்கும், மருந்தின் வலுவையும் காக்கும். மழைக்காலத்தில் பனி உலர்ந்தபின் மேயவிடுவதும், ஓடைப்புல்லில் அடியோடு மேய விடாமல் இடத்தை மாற்றுவதும், அறுவடைக்குப்பின் தட்டைக்காட்டிலும் பருத்திக்காட்டிலும் விடுவதும் நலம்.

வெளிப்பூச்சிற்கு மயில்துத்தம்.— மழைக்காலத்தில் காணும் குளம்பு அழுகலுக்கு மயில்துத்தம் இன்றும் உதவும். நூற்றுக்கு 5 பங்கு கரைசல், அதாவது 20 லிட்டர் நீருக்கு 1 கிலோ, மரத்தொட்டியிலோ சிமெண்டுத் தொட்டியிலோ நிரப்பி, குளம்பைக் கழுவி வெட்டிச் சீர்செய்தபின் ஆடுகளை அதன்வழி நடத்த வேண்டும். ஆடுகள் தாகத்தால் அந்நீரைக் குடித்துவிடாதபடி, முன்னதாகவே வயிறாரத் தண்ணீர் காட்டுவது கட்டாயம். மிஞ்சிய கரைசலை ஊருணியிலோ கண்மாயிலோ ஓடையிலோ கொட்டலாகாது. மீன்களை அது கொல்லும். மேய்ச்சல் நிலத்திற் கொட்டுவதும் தகாது.

பொட்டு ஆடு என்று வழங்கும் இனத்திற்குரிய வேம்பூரை அடுத்த கரிசற்பகுதியிலும், அதன் மேற்கிலுள்ள கோவில்பட்டிப் பகுதியிலும் ஆடு வளர்ப்போர், வருகிற புரட்டாசிக்கு முன்னரே பட்டியின் ஒரு பக்கத்தில் நாலு முளை நட்டு, முள்வேலியிட்டு, ஒரு தனிப்பட்டி ஆயத்தம் செய்து வைப்பார்களாக. அதற்காகும் செலவு ஒரு குட்டியின் விலைக்கும் குறைவு. சந்தையிலிருந்து ஆடு வந்து சேர்ந்தபின் வேலி கட்ட நினைப்பவர், அன்றிரவு அதனைப் பழைய பட்டியிலேயே அடைத்துவிடுவார்.